பழைய பங்குப் பதிவேடுகளில் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கத்தோலிக்கக் கிராமங்களைப் பூர்விகமாகக் கொண்டவர்களுக்கு, நிலப் பத்திரமோ அரசுப் பிறப்புச் சான்றோ இல்லாத முன்னோரையும் ஊர், தேதி, பெற்றோர் பெயரோடு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர் கூலிக்கு உழுதவராக இருக்கலாம், கைநாட்டு வைத்தவராக இருக்கலாம். ஆனாலும் அவர் குழந்தையின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றப்பட்ட நாளில் ஒரு குருவானவர் தடித்த பதிவேடு ஒன்றில் நான்கைந்து வரிகள் எழுதி வைத்தார். அந்த வரிகள் இன்றும் பல பங்குகளின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்களின், இரும்பு பீரோக்களில் இருக்கின்றன. என் தந்தைவழியில் ஆறு தலைமுறை வரை நான் போய்ச் சேர்ந்தது இந்தப் பதிவேடுகளின் துணையால்தான். அதற்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. அவற்றில் இரண்டு ஆண்டுகளை, எங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை என் கொள்ளுப்பாட்டனார் என்று எண்ணிக்கொண்டு செலவழித்தேன். அவருக்கும் அதே பெயர், அவருடைய தந்தைக்கும் அதே பெயர், கிராமமும் அடுத்த கிராமம். நம் குடும்பங்களில் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாததால், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவர் இப்படித்தான் வழி தவறுவார். ஊரையும் உறவுமுறையையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வலியுறுத்தப் போவது.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பங்கு அலுவலகத்துக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வீட்டில் இருக்கிறது. பழைய செபப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் பிறந்த நாள்களைக் குறித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. இறந்தவர் நினைவாக அச்சிட்ட அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், கிரயப் பத்திரங்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து மாறாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் குடும்பத்தின் மூத்த பெண்களிடம் உட்காருங்கள். ஆண்கள் பெரும்பாலும் நிலத்தையும் வழக்கையும் நினைவில் வைத்திருப்பார்கள். யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊரில் பெண் எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம் என்பதைப் பெண்கள்தாம் தெளிவாகச் சொல்வார்கள். "தாத்தா பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நின்ற ஞானத்தாய் ஞானத்தகப்பன் யார், தலைப்பிரசவம் எந்த ஊரில் நடந்தது, கிறிஸ்துமஸ் பூசைக்கு எந்தக் கோயிலுக்கு நடந்து போனார்கள், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள் என்று கேளுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம் என்பதால், மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் பெரும்பாலும் தாயின் ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். தந்தையின் பங்கில் இரண்டாம் பிள்ளையிலிருந்து எல்லோரும் கிடைத்து, மூத்தவர் மட்டும் கிடைக்காமல் போனால் தேட வேண்டிய இடம் அதுதான்.

பெரியவர்கள் ஆண்டைச் சொல்லும் முறையையும் கவனியுங்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்றால் அது 1876-77. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அடுத்த தாது 1936-37 என்பதால், எந்தத் தாது என்பதை அவர் பிள்ளைகளின் வயதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதியில் வயலோரத்துச் சிறு குடியிருப்பைக் கொட்டாய் என்கிறோம்; அந்தக் கொட்டாய்க்கு அங்கே குடியிருந்த ஒருவரின் பெயர் இருக்கும், இரண்டு தலைமுறை கழித்து வேறொருவர் பெயர் வந்துவிடும். பதிவேட்டில் கொட்டாயின் பெயர் இல்லாமல் தாய்க்கிராமத்தின் பெயர் மட்டும் இருக்கலாம். ஆகவே உங்கள் முன்னோர் இருந்த கொட்டாய், அதன் பழைய பெயர், வருவாய்க் கிராமத்தின் பெயர், பக்கத்துக் கிராமங்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது

இன்று உங்கள் ஊர் எந்தப் பங்கில் இருக்கிறது என்பது தேடலுக்குப் பாதி விடைதான்; பிறப்பு நிகழ்ந்த ஆண்டில் எந்தப் பங்கில் இருந்தது என்பது மீதிப் பாதி. இன்று தனிப் பங்காக இருக்கும் பல ஊர்கள் அன்று வேறொரு பங்கின் கிளைக் கிராமங்களாக இருந்தன. அக்காலத்தில் பங்கை விசாரணை என்பார்கள். விசாரணைக் குருவானவர் குதிரையிலோ மாட்டுவண்டியிலோ கிளைக் கிராமங்களைச் சுற்றி வந்து, திரும்பிப் போனபின் தலைமைக் கோயிலின் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினார். எனவே உங்கள் பங்கு தொடங்கிய ஆண்டை முதலில் கேளுங்கள்; அதற்கு முந்தைய பதிவுகளுக்கு அதன் தாய்ப்பங்கு எது என்று கேளுங்கள். அந்தத் தாய்ப்பங்குக்கும் ஒரு தாய்ப்பங்கு இருக்கும். இப்படிப் பின்னோக்கிப் போகும்போது கோவிலூர், எலத்தகிரி, கடகத்தூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் ஏதாவது ஒன்றில் போய் நிற்பது இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் நேர்வது.

பல பங்குகள் சேர்ந்து ஓர் ஆயரின் கீழ் இருக்கும் மறைமாவட்டங்களின் எல்லைகளும் மாறிக்கொண்டே வந்தன. இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்ட பிறகு, 1776-இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினர் புதுச்சேரியை மையமாகக் கொண்டு இப்பணியை ஏற்றார்கள். மைசூர் 1850-இல் தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்தது. புதுச்சேரி 1886-இல் உயர்மறைமாவட்டம் ஆனது. சேலம் மறைமாவட்டம் 1930-இல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்றிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது. அதிலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் அதன் எல்லைக்குள் அடங்கும். ஆகவே 1920-ஆம் ஆண்டில் உறவுக்குள் நடந்த திருமணத்துக்கான விதிவிலக்குக் கடிதம் ஒன்றைத் தேடுபவர், அது தருமபுரி ஆயர் இல்லத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நாளில் அக்கடிதத்தைக் கொடுத்த ஆயர் வேறு நகரத்தில் இருந்தார். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மைசூர் வழியையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசு எல்லைகளிலும் இதே கவனம் தேவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். அதற்கு முந்தைய தாள்களில் எல்லாம் "சேலம் ஜில்லா" என்றே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, முன்னோர் சேலம் நகரத்திலிருந்து வந்தவர்கள் என்று முடிவு கட்டியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கும் ஆண்டு முடிவில் தன் பதிவேடுகளின் நகலை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கூறியது. பங்கில் மூலப் பதிவேடு செல்லரித்துப் போயிருந்தால், அந்த நகலைப் பற்றிச் சேலம், புதுச்சேரி ஆயரகங்களில் மரியாதையோடு விசாரிக்கலாம். சட்டம் இருந்தது என்பதால் எல்லா ஆண்டு நகலும் இருந்தே தீரும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அனுமதி கேட்பதும் பதிவேட்டைத் தொடுவதும்

இந்தப் பதிவேடுகள் பொது நூலகப் புத்தகங்கள் அல்ல. அவற்றைக் காட்டுவதும் மறுப்பதும் பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ளது. மறுத்தால் மனவருத்தம் கொள்ள வேண்டியதில்லை. நேரில் போய் நிற்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், எந்தக் குடும்பம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, யாருடைய பதிவு வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் இப்போதைய பங்குத்தந்தையின் அறிமுகக் கடிதத்தையும் இணையுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் கடைசி வாரங்கள், திருவிழா நாள்கள், ஞாயிற்றுக்கிழமை ஆகியவற்றைத் தவிர்த்து வார நாளின் முற்பகலைக் கேளுங்கள். உபதேசியாரையும் கோயில் பிள்ளையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்; பீரோவின் எந்தத் தட்டில் எந்த ஆண்டு இருக்கிறது என்பது பல இடங்களில் அவர்களுக்குத்தான் தெரியும்.

சான்றிதழ் கேட்பதும் பதிவைப் பார்க்கக் கேட்பதும் வேறு வேறு. திருமுழுக்குச் சான்றிதழ், அதாவது ஞானஸ்நானச் சான்றிதழ், என்ற அச்சுப் படிவத்தில் பெயர், தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகிய விவரங்கள் இருக்கும். பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்டவை எல்லாம் அதில் ஏறும் என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டியவற்றில் பாதி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. பார்க்க அனுமதி கிடைக்காவிட்டால், "ஓரக்குறிப்புகளையும் சேர்த்து எழுதித் தாருங்கள்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பதிவேடு கைக்கு வந்ததும் கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டவே கூடாது. பழைய இரும்புச்சத்து மை தாளையே அரித்துவிடும் தன்மை உடையது. அழுத்தி எழுதிய எழுத்துகள் உள்ள இடத்தில் தாள் எழுத்தின் வடிவிலேயே உதிர்வதைப் பார்க்கலாம். இராமபாணப் பூச்சி துளைத்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்துவது தையலை முறித்துவிடும். பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பென்சிலால் குறிப்பெடுங்கள். அனுமதி இருந்தால் கைப்பேசியில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். முதலில் பதிவேட்டின் அட்டையையும், அடுத்துப் பக்க எண் தெரியும்படி முழுப் பக்கத்தையும், கடைசியாக உங்களுக்கு வேண்டிய பதிவையும் எடுத்து வைத்தால், மூன்று மாதம் கழித்து அந்தப் படம் எந்தப் புத்தகத்தில் எடுத்தது என்று திகைக்க வேண்டியிருக்காது.

ஒரு பதிவை வாசிக்கும் விதம்

பழைய பதிவுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். குறிப்புகள் சில பிரெஞ்சிலும், உபதேசியார் எழுதியவை தமிழிலும் இருக்கும். இலத்தீன் என்றதும் அஞ்ச வேண்டாம். ஒரே வாசகம்தான் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. மாதிரிக்கு ஒன்றைப் பார்ப்போம்: "அன்னோ தோமினி 1894, தியே 12 மென்சிஸ் 8பிரிஸ், எகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ் பப்திசாவி இன்ஃபாந்தெம், நாத்தும் தியே 10 எயூஸ்தெம் மென்சிஸ், எக்ஸ் பேத்ரோ எத் மரியா கோஞ்சூஜிபுஸ், குயி இம்போசித்தும் எஸ்த் நோமென் யோசேஃபுஸ்." அதாவது, ஆண்டவரின் 1894-ஆம் ஆண்டு, 8பிரிஸ் மாதம் 12-ஆம் நாள், கீழே கையொப்பமிட்டுள்ள நான், இதே மாதம் 10-ஆம் நாள் தம்பதியரான பேத்ருஸுக்கும் மரியாவுக்கும் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், அதற்கு யோசேஃபுஸ் என்று பெயரிடப்பட்டது. இதன்பின் "பத்ரீனுஸ்" என்று வந்தால் ஞானத்தகப்பன், "மத்ரீனா" என்று வந்தால் ஞானத்தாய்.

இதில் மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும். முதலாவது, 8பிரிஸ் என்பது எட்டாம் மாதமான ஆகஸ்ட் அல்ல. இலத்தீனில் ஒக்தோ என்றால் எட்டு; ஆகவே அது அக்டோபர். அதேபோல் 7பிரிஸ் செப்டம்பர், 9பிரிஸ் நவம்பர், ரோமன் பத்து போட்டு எழுதினால் டிசம்பர். நான் முதல் ஆண்டில் எடுத்த குறிப்புகளில் இந்தத் தவறு இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட தேதிகளைத் திரும்பப் போய்த் திருத்தினேன். இரண்டாவது, இலத்தீனில் வேற்றுமைக்கேற்பப் பெயரின் கடைசி மாறும். பேத்ருஸ், பேத்ரோ, பேத்ரி மூன்றும் ஒரே ஆள்தான். "பேத்ருஸின் மகன்" என்று சொல்லும்போது பேத்ரி ஆகிறது. மூன்றாவது, அந்த பேத்ருஸ் என்பவரை வீட்டில் யாரும் பேத்ருஸ் என்று அழைத்திருக்க மாட்டார்கள். அவர் இராயப்பன். அவருடைய மகன் யோசேஃபுஸ், சூசை.

இந்தப் பெயர் மாற்றத்தைப் பழகிக்கொள்ளாமல் ஒரு பக்கமும் நகர முடியாது. பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவான்னெஸ் என்றால் பெரும்பாலும் அருளப்பன்; ஜான் தெ பிரிட்டோவின் பெயரால் வந்த அருளானந்தமாகவும் இருக்கலாம். யாக்கோபுஸ் என்பவர் சந்தியாகு அல்லது யாகப்பன். ஸ்தெஃபானுஸ் முடியப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம், இக்னாசியுஸ் இஞ்ஞாசி, தொமினிக்குஸ் சாமிநாதன், பெனெதிக்துஸ் ஆசீர்வாதம். சவரிமுத்து, சவரியப்பன், சவரிநாதன் என்று மூன்று இடங்களில் மூன்று விதமாக அழைக்கப்பட்ட ஒருவர், பதிவேட்டில் சவேரியுஸ் என்ற ஒரே பெயரில் இருப்பார். பெண்களின் நிலை இன்னும் கடினம். மரியாயி, ஆரோக்கியமேரி, சகாயமேரி, லூர்துமேரி எல்லோரும் "மரியா" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். ஒரே பக்கத்தில் ஏழு மரியாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிரித்துக் காட்டுவது கணவர் பெயரும், ஊரும், ஞானப்பெற்றோரும்தான்.

ஊர்ப்பெயர்களைப் பிரெஞ்சுக் குருமார் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். உகர ஒலிக்கு ஓ, யு என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது அவர்கள் வழக்கம். வல்லினச் சகரத்துக்கு டி, சி, எச் என்று மூன்று எழுத்துகள். எனவே எழுத்தைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊர் தானாக வெளிப்படும். அப்படியும் தெரியாவிட்டால், அதே குருவானவர் எழுதிய வேறு பத்துப் பக்கங்களைப் புரட்டி, அவர் உங்களுக்குத் தெரிந்த ஊர்களை எப்படி எழுதினார் என்று ஒப்பிடுங்கள். குருவானவர் யார் என்று அறிய, பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் ஒவ்வொரு மறைபோதகரின் வாழ்க்கைக் குறிப்பையும் வைத்திருக்கிறது. கையொப்பத்திலிருந்து பெயரைக் கண்டுகொண்டால், அவர் எந்த ஆண்டுகளில் எந்த ஊரில் இருந்தார் என்பதிலிருந்து தேதியில்லாத கிழிந்த பக்கத்தின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

ஓரக்குறிப்பும் ஞானப்பெற்றோரும் விதிவிலக்கும்

நான் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்தத் தவறான மனிதரை விட்டு விலக உதவியது ஒரு ஞானத்தாயின் பெயர். என் பாட்டனாரின் உடன்பிறந்தோர் ஐவரின் பதிவுகளிலும் ஞானப்பெற்றோராக நின்றவர்கள் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள்: ஓர் அத்தை, ஒரு தாய்மாமன், ஒரு சித்தப்பா, அவர் மனைவி. நான் கொள்ளுப்பாட்டனார் என்று எண்ணியவரின் பிள்ளைகளுக்கு நின்றவர்களோ முற்றிலும் வேறு ஊர்க்காரர்கள். நம் குடும்பங்களில் ஞானப்பெற்றோரை வெளியாரிலிருந்து எடுப்பது அரிது. ஆகவே ஒரு பதிவைக் கண்டதும் அவர்கள் பெயர்களையும் உங்கள் முன்னோரின் பெயருக்குச் சமமான மதிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். நேர்வழி முன்னோரை மட்டும் எடுத்துவிட்டு நகராமல், உடன்பிறந்தோர் அனைவரின் பதிவுகளையும் எடுங்கள். பெயரனுக்குப் பாட்டனாரின் பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே தலைமுறையில் ஒரே பெயர் கொண்ட பங்காளிகள் நான்கு பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டும் கருவி இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஓரக்குறிப்பு. 1908-இல் நடைமுறைக்கு வந்த திருமண ஆணையின்படி, ஒருவர் எங்கே திருமணம் செய்துகொண்டாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். உறுதிபூசுதல், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு ஆகியவையும் அங்கே ஏறும். எனவே 1890-க்குப் பின் பிறந்தவரின் பதிவைக் கண்டால், ஓரத்தில் மங்கலாக எழுதிய ஊர்ப்பெயரையும் ஆண்டையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய கல்யாணப் பதிவு எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே முகவரி. ஓரத்தில் ஒன்றும் இல்லையென்றால், திருமணத்தை மணப்பெண்ணின் பங்கில் தேடுங்கள், ஏனென்றால் பெண்ணின் பங்குத்தந்தை முன்னிலையில் நடத்துவதையே அக்காலச் சட்டம் பொது விதியாக வைத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் தபசு காலத்திலும் ஆடம்பரத் திருமணம் நடத்துவது தடுக்கப்பட்டிருந்ததால், அந்த வாரங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மெய்விவாகப் பதிவேட்டில், அதாவது திருமணப் பதிவேட்டில், ஓலை என்னும் திருமண அறிவிப்பு எத்தனை முறை வாசிக்கப்பட்டது, சாட்சிகள் யார் என்ற விவரங்களோடு, "திஸ்பென்சாத்தியோ" என்று தொடங்கும் ஒரு வரி சில பதிவுகளில் இருக்கும். உறவுக்குள் மணம் செய்வதற்குக் கொடுக்கப்பட்ட விதிவிலக்கு அது. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் முறையாகக் கொண்ட நம் சமூகத்தில் இந்த வரி அடிக்கடி வரும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. பழைய கணக்குப்படி "இரண்டாம் படி" என்றால் மணமக்கள் உடன்பிறந்தோரின் பிள்ளைகள், அதாவது மாமன் மகள் அல்லது அத்தை மகன். "முதலாவதைத் தொடும் இரண்டாம் படி" என்றால் தாய்மாமனும் அக்காள் மகளும். "மூன்றாம் படி" என்றால் அவர்களின் பாட்டனாரோ பாட்டியோ உடன்பிறந்தவர்கள். இவ்வாறு இரண்டு குடும்பங்களை ஒரே பாட்டனாரிடம் கொண்டுபோய் நிறுத்தும் சான்று ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது. 1918-க்கு முன் நான்காம் படி உறவுக்கும் விதிவிலக்கு தேவைப்பட்டதால், அக்காலப் பதிவுகளில் இன்னும் தொலைவான உறவும் வெளிப்படும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் எண்ணும் முறை மாறியது. மாமன் மகள் இப்போது நான்காம் படி. ஆகவே எண்ணைப் பார்க்கும்போது ஆண்டையும் பாருங்கள்.

இவற்றோடு, இலத்தீனில் "ஸ்தாத்துஸ் அனிமாரும்" என்று சொல்லப்படும் குடும்பப் பதிவேடு உங்கள் பங்கில் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் அதைக் கேளுங்கள். வீடு வீடாகக் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியவர் யார் என்று எழுதிய அந்த ஒரு புத்தகம், தனித்தனிப் பதிவுகளை மாதக்கணக்கில் தேடிச் சேர்க்கும் வேலையை ஒரு முற்பகலில் முடித்துவிடும்.

இறப்பும் பஞ்சமும் இடப்பெயர்ச்சியும்

இறப்புப் பதிவுகள் சுருக்கமானவை. அவற்றில் வரும் வயதை நம்ப வேண்டாம், பெரும்பாலும் ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாக எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பெயர்கள் வருவதைக் கண்டால் அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1918-இன் இன்புளுயன்சாவும் அடிக்கடி வந்த வாந்திபேதியும் அப்படித்தான் பதிவேட்டில் தெரிகின்றன. 1876 முதல் 1878 வரையிலான பஞ்ச ஆண்டுகளில் இறப்புப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு இரண்டுமே கனத்துப்போகும். பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் பதிவுகள் அந்த ஆண்டுகளில் மிகுதி. அவற்றில் பெற்றோர் கிறிஸ்தவர் அல்லர் என்ற குறிப்பும், சில இடங்களில் பழைய பெயரும் இருக்கும். கோயில் பதிவேட்டின் வழியாக அந்தக் கிளையில் அதற்கு மேல் போக முடியாது. அந்த இடத்தை வந்தடைந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பசியால் வந்தவரா, நம்பிக்கையால் வந்தவரா என்பதைச் சொல்ல அந்த நான்கு வரிகளில் இடம் இல்லை. அவர் மனிதராக, பெயரோடு, அங்கே பதிந்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு குடும்பம் திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்துவிட்டால், அழிந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். 1880-களுக்குப் பின் கோலார் தங்கவயலுக்கு வேலை தேடிப் போனவர்கள் நம் பகுதியில் ஏராளம். அங்கு பிறந்த பிள்ளைகளின் பதிவுகள் தங்கவயல் கோயில்களில் இருக்கும். அப்பகுதி முதலில் மைசூர் மறைமாவட்டத்திலும், 1940 முதல் பெங்களூர் மறைமாவட்டத்திலும் இருந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள், நீலகிரி, இலங்கை என்று போனவர்களும் உண்டு. பென்னாகரம் பக்கத்துக் குடும்பங்கள் மேட்டூர் அணையையும் நினைவில் கொள்ள வேண்டும். 1934-இல் அணை முடிந்தபோது காவிரிக்கரை ஊர்கள் நீரில் மூழ்கின. பண்ணவாடிப் பக்கம் நீர் வற்றும் காலங்களில் ஒரு தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் இன்றும் வெளியே தெரிகிறது. அப்படிப்பட்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள், மக்கள் குடிபெயர்ந்து போன புதிய ஊர்களின் பங்குகளில் பழைய பதிவேட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பதிவுக்கும் பங்கின் பெயர், பதிவேட்டின் வகை, ஆண்டு, பக்க எண், வரிசை எண் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். மூலத்தில் உள்ள எழுத்தை ஒரு கட்டத்திலும், நீங்கள் புரிந்துகொண்ட தமிழ்ப் பெயரை அடுத்த கட்டத்திலும் தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மனிதரை உங்கள் முன்னோர் என்று உறுதி செய்ய, பெயரும் தந்தை பெயரும் பொருந்துவது போதாது. ஊர், மனைவி, ஞானப்பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. பொருந்தாதவரைப் பென்சிலால் எழுதித் தனியே வைத்திருங்கள்.

சில பதிவுகளில் தந்தையின் பெயர் இருக்காது. சிலவற்றில் சாதிப் பெயரோ, தத்தெடுத்த செய்தியோ, மணத்துக்கு முன் பிறந்த குழந்தை என்ற குறிப்போ இருக்கும். அவற்றை உங்கள் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பதிவுகளையும், பிறர் குடும்பத்துப் பக்கங்களின் படங்களையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடக்கூடாது. பதிவேட்டைத் திறந்து காட்டிய பங்குத்தந்தைக்கு நாம் கொடுத்த வாக்கு அது.

வேலை முடிந்ததும் உங்கள் வம்சாவளியை ஆண்டு, பக்க எண்களோடு தெளிவாக அச்சிட்டு ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்துக்குக் கொடுங்கள். நீங்கள் புரட்டிய ஆண்டுகளுக்குத் தமிழ்ப் பெயர் அகரவரிசையில் ஓர் அட்டவணையும் தயாரித்துக் கொடுத்தால், அடுத்து வருபவர் நூறு ஆண்டுப் பழைய தாளை நூறு முறை புரட்ட வேண்டியிருக்காது. பிறகு நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அன்று வெளியூர்களிலிருந்தும் உறவினர் வருவார்கள். கல்லில் தமிழ் எண்ணால் வெட்டிய ஆண்டுகளைப் படித்துச் சரிபார்க்கவும், பட்டியலில் வெற்றிடமாக விட்ட பெயர்களை அவர்களிடம் கேட்டு நிரப்பவும் ஆண்டில் அதைவிட வாய்ப்பான நாள் இல்லை.